நம்பர் நகருதா?

(எபிசோடோட எழுத்து வடிவம். பேச்சுல வந்த சில இழுவைகளை மட்டும் வெட்டியிருக்கு.)

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன், அதான் போன வாரம் எபிசோட் வரல. எனக்கு ஊர் பழவேற்காடு. சென்னைக்கு வடக்கே, ஏரியும் கடலும் சேர்ற இடம். எதிர்ல ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடுற நாள்ல எங்க ஆளுங்க அந்தப் பக்கம் கடலுக்குப் போகக் கூடாது. மொட்டை மாடில நின்னு புகையப் பாக்கறதோட சரி.

லீவுல ஃப்ளைட் சிமுலேட்டர் ஆடலாம்னு டெஸ்க்டாப்பையே கார்ல ஏத்திட்டுப் போயிட்டேன். கூடவே நானே செஞ்ச ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஸ்டிக். தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்றேன். செஸ்னா 172 மாதிரி சின்ன விமானத்துல, பைலட் பிடிக்கிற கட்டுப்பாடு கேபிள் வழியா இறக்கைக்கும் வாலுக்கும் நேரா போகும். வேகம் கூடினா கைக்குக் கனக்கும், வேகம் குறைஞ்சா தொளதொளன்னு ஆகும். சாதாரண ஜாய்ஸ்டிக்ல இது எதுவும் வராது, உள்ள வெறும் ஸ்பிரிங்தான். ஃபோர்ஸ் ஃபீட்பேக்ல சிமுலேட்டர் கிட்ட இருந்து வேகம் மாதிரி எண்களை வாங்கி, ஒரு சாஃப்ட்வேர் அதை விசையா மாத்தி, மோட்டார் வழியா கைல தள்ளும். ஏர்பஸ் ஏ320 மட்டும் ஓட்டறவங்களுக்கு இந்தத் தொல்லையே வேண்டாம். நிஜ விமானத்துலயே அந்த சைட்ஸ்டிக்ல ஸ்பிரிங்தான்.

என் ஏற்பாடு கொஞ்சம் கோணல். டெஸ்க்டாப்புல எக்ஸ்-பிளேன் ஓடும். மோட்டாரை ஓட்டுற சாஃப்ட்வேர் ஒரு பழைய லேப்டாப்புல. அது நான் எழுதினது, அதனால கீழ சொல்லப்போற தப்பு முழுக்க என்னோடது. ரெண்டு மெஷினுக்கும் நடுவுல என் ஃபோன் ஹாட்ஸ்பாட்.

முதல் பத்து நிமிஷம் அருமை. அப்புறம் தரையிறங்க வேகத்தைக் குறைச்சா, ஸ்டிக் தளரவே மாட்டேங்குது. 92 நாட்ல எப்படிக் கனத்துச்சோ, ரன்வேல நின்ன பிறகும் அப்படியே கனக்குது. நான் என்ன பண்ணேன்? செட்டிங்ஸுக்குள்ள புகுந்தேன். கெயினைக் குறைச்சேன், கர்வை மாத்தினேன், டேம்பிங்கை ஏத்தினேன். ரெண்டு மணி நேரம். இஞ்சினியரிங் படிச்சவன் பண்ற வேலையா அது? டயக்னாஸ்டிக்ஸ் திரைன்னு ஒண்ணை நானே எழுதி வெச்சிருக்கேன், அதுவும் பக்கத்துலயே திறந்துதான் இருந்தது. மோட்டார் போர்டு: இணைப்பு உண்டு. வேகம்: 92. விசை: சரியான கணக்கு. எல்லாம் பச்சை. அதனாலதான் அதை நம்பினேன்.

பின்னாடி கட்டில்ல உக்காந்து பாத்துட்டிருந்த மாமா சொன்னாரு, "டேய் மாப்ள, ப்ளேன் நின்னு போச்சு. அந்த 92 ஏன்டா இன்னும் நகரல?"

மாமா ஃபைபர் போட்டு ஓட்டறவரு. கம்ப்யூட்டர் தொட்டதில்ல. அவருக்கு எப்படிக் கண்ணுல பட்டுச்சுன்னு அப்புறம் சொல்றேன், முதல்ல கதையை முடிச்சிடறேன்.

திரைல டெஸ்ட்னு ஒரு பட்டன் உண்டு. அமுக்கினா சிமுலேட்டர் இல்லாமலே மோட்டாரை ஆட்டும். அமுக்கினேன், ஸ்டிக் ஆடுச்சு. அப்போ கடைசிப் பக்கம் நல்லா இருக்கு. எக்ஸ்-பிளேன்ல டேட்டா அவுட்புட்னு ஒரு பக்கம் இருக்கு. ஒவ்வொரு எண்ணுக்கும் நேரா டிக் போடலாம்: நெட்வொர்க்ல அனுப்பவும் உண்டு, திரைலயே காட்டவும் உண்டு. வேகத்தைத் திரைல காட்டச் சொன்னேன். ஓடவிட்டா எண் ஏறுது, நிறுத்தினா இறங்குது. அப்போ ஆரம்பமும் நல்லா இருக்கு. மிச்சம் நடுவழிதான்.

நடந்தது இதுதான். நடுவுல அத்தை வீடியோ கால் பேச ஃபோனை எடுத்தாங்க, ஹாட்ஸ்பாட்டை அணைச்சாங்க. திரும்பப் போட்டப்போ லேப்டாப்புக்குப் புது ஐபி விலாசம் கிடைச்சிருக்கு. எக்ஸ்-பிளேன் இன்னும் பழைய விலாசத்துக்கே அனுப்பிட்டிருக்கு. அது அனுப்பறது யூடிபில. போஸ்ட் கார்டு போடற மாதிரி. போய்ச் சேர்ந்துச்சான்னு போட்டவனுக்குத் தெரியாது, கேக்கவும் மாட்டான். என் சாஃப்ட்வேரோ கடைசியா வந்த கார்டை வெச்சுக்கிட்டு அதையே நிஜம்னு காட்டிட்டிருந்துச்சு. விலாசத்தை மாத்தினேன், முப்பது செகண்ட்ல முடிஞ்சது.

இப்போ மாமா கதை.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, மார்கழில, விடியறதுக்கு முந்தி கரைக்குத் திரும்பிட்டிருந்தாங்க. பனி மூட்டம், கை நீட்டினா கை தெரியல. முகத்துவாரத்தை ஃபோன் மேப்ல குறிச்சு வெச்சிருந்தாரு. எங்க முகத்துவாரம் ஒரே இடத்துல நிக்காது. மணல் தள்ளித் தள்ளி நகரும், சில சமயம் அடைச்சே போகும். நேரா உள்ள விட்டாத்தான் உண்டு. கொஞ்சம் தள்ளி மணல் திட்டுல ஏத்திட்டா, பின்னாடி வர்ற அலை போட்டைப் புரட்டிடும். போட்டுல நாலு பேரு. அதுல ஒருத்தன் என் மச்சான், அப்போ அவனுக்கு பத்தொன்பது வயசு.

மேப்ல அம்புக்குறி சரியா முகத்துவாரத்துக்கு நேரா நிக்குது. ஆனா நேரா நிக்குது, நிக்குது, நின்னுக்கிட்டே இருக்கு. இன்ஜின் ஓடுது, அம்பு நகரல. மாமா என்ன பண்ணாரு தெரியுமா? அந்த நேரத்துல இன்ஜின் கைப்பிடியை மடக்கி போட்டை வேணும்னே ஒரு சுத்து சுத்தினாரு. "போட்டு திரும்புச்சு, அது திரும்பலடா. அப்பவே தெரிஞ்சுபோச்சு, அது பழைய இடத்தைக் காட்டுதுன்னு."

இன்ஜினை அடக்கிட்டு, அலை உடையற சத்தத்தைக் கேட்டுக்கிட்டே வெளிச்சம் வர்ற வரைக்கும் வெளியவே கிடந்திருக்காங்க. வெளுத்தப்புறம் லைட்ஹவுஸைப் பாத்தா, நெனச்சதை விட நல்லா தெக்கே தள்ளிட்டாங்க. வாடை சீசன்ல நீரோட்டம் தெக்கதான் இழுக்கும்.

அந்த ஃபோனை இப்போ வாங்கிப் பாத்தேன். பேட்டரி சேவர் ஆன்ல இருந்துச்சு. சார்ஜ் குறைஞ்சதும் அது மேப் ஆப்புக்கு இடத்தைச் சொல்றதை நிறுத்திடுது. ஆப்பும் என் சாஃப்ட்வேர் மாதிரியே கடைசி எண்ணைப் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கு. இந்தியாவோட நாவிக் வரிசைல முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்னிக்கு பிஎஸ்எல்வி-சி22ல ஏறிச்சு, இதே ஏரிக்கு அந்தப் பக்கத்துலருந்து. மேல அத்தனை செலவு பண்ணி சிக்னல் விடறாங்க, இங்க கைல இருக்கற ஃபோன் காதைப் பொத்திக்குது.

அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்துவிட்டேன். செயற்கைக்கோள் நிலவரம் காட்டற ஒரு ஆப்பும் போட்டுக் குடுத்தேன். எத்தனை செயற்கைக்கோள் பிடிச்சிருக்கு, கடைசியா எப்போ இடம் கிடைச்சுதுன்னு அதுல வரும். மாமா எண்ணிக்கையைக் கண்டுக்கல. கடைசியா எப்போங்கறதை மட்டும் பெருசா தெரியற மாதிரி வைக்கச் சொன்னாரு.

என் திரைலயும் அதையே சேத்துட்டேன்: கடைசி தகவல் வந்து எத்தனை மில்லிசெகண்ட். 500 தாண்டினா எண் சிவப்பாயிடும், மோட்டார் விசையும் மெதுவா பூஜ்யத்துக்கு வந்துடும். கோடா பாத்தா பத்து வரி கூட இல்ல.

அப்புறம் மாமாவையே ஓட்டச் சொன்னேன். சென்னைலருந்து கிளப்பி, கரையோரமாவே வடக்க வந்தாரு. ஸ்டிக் கனக்கறது அவருக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது, "இன்ஜின் கைப்பிடி மாதிரிதான்டா இருக்கு"ன்னாரு. எங்க ஏரிக்கு மேல வந்ததும் குனிஞ்சு பாத்துட்டு கேட்டாரு, "டேய், இது எந்த வருஷத்து முகத்துவாரம்?"