பதினாறு வயதும் மொபெட் உரிமமும்



பிள்ளைகள் பத்தாம் வகுப்பைத் தாண்டியதும் பெற்றோர் செவியில் தவறாமல் விழும் கேள்வி ஒன்று உண்டு. "வண்டியை எடுத்துக்கொண்டு போய் வரட்டுமா?" என்பதே அது. பெரும்பாலான வீடுகளில் இதற்குக் கிடைக்கும் விடையும் ஏறக்குறைய ஒன்றேதான். "கியர் இல்லாத வண்டிதானே? வயதும் பதினாறு ஆகிவிட்டது. போய் வா" என்று சொல்லிவிடுகிறோம். இந்த விடையில் பாதி சரி, பாதி தவறு. தவறான அந்தப் பாதியினால் குடும்பங்களுக்கு நேரக்கூடிய துன்பம் சிறிதன்று. ஆகையினால், மொபெட் முதலிய சிறு வண்டிகளை ஓட்டுவதற்கு உரிமம் பெறுவது பற்றிச் சட்டம் கூறுவதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

நம் நாட்டில் 1914-ஆம் ஆண்டுச் சட்டமும், அதன்பின் 1939-ஆம் ஆண்டுச் சட்டமும் மோட்டார் வண்டிகளை ஆண்டன. இன்று நடைமுறையில் இருப்பது, 1989 ஜூலை முதல் நாள் அமலுக்கு வந்த 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமாகும். உரிமம் இன்றிப் பொது இடத்தில் எவரும் மோட்டார் வண்டி ஓட்டலாகாது என்பது அதன் அடிப்படை விதி. பொது இடம் என்றால் நெடுஞ்சாலை மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். பொதுமக்கள் உரிமையோடு நடமாடக்கூடிய எந்தத் தெருவும், எந்தச் சந்தும் பொது இடந்தான். "நம் தெருவுக்குள்ளேதானே ஓட்டுகிறான்" என்ற சமாதானம் சட்டத்தின்முன் நிற்காது.

வண்டி ஓட்டுவதற்குரிய வயது 18. இதற்கு ஒரேயொரு விலக்கு உண்டு. இயந்திரத்தின் கொள்ளளவு 50 சி.சி.க்கு மேற்படாத மோட்டார் சைக்கிளை, 16 வயது நிறைந்தவர் உரிமம் பெற்று ஓட்டலாம். சி.சி. என்பது, பிஸ்டன் சிலிண்டருக்குள் ஏறி இறங்கும் இடத்தின் கன அளவு. அந்த அளவு பெருகப் பெருக வண்டியின் வலுவும் பொதுவாகப் பெருகும்.

குழப்பம் இங்கேதான் தோன்றுகிறது. உரிமத்தைச் சட்டம் வகைப்படுத்தும்போது, கியர் உள்ள மோட்டார் சைக்கிள், கியர் இல்லாத மோட்டார் சைக்கிள் என்று பிரிக்கிறது. மொபெட் இரண்டாவது வகையில் அடங்கும். ஆனால் வயதை நிர்ணயிக்கும்போது பார்ப்பது கியரை அன்று, 50 சி.சி. என்ற அளவையே. 1972-இல் வந்த லூனாவும், 1980-இல் வந்த டி.வி.எஸ். 50-உம் ஓடிய காலத்தில் இந்த இரண்டும் ஒன்றாகவே பொருந்தியிருந்தன. கியர் இல்லை, 50 சி.சி.க்கு மேலும் இல்லை. இன்று நாம் காணும் மொபெட் ஏறக்குறைய 100 சி.சி. கொண்டது. ஸ்கூட்டர்களோ 110, 125 என்று போகின்றன. கியர் இல்லை என்பது உண்மை. ஆயினும் 16 வயதினர் ஓட்டத் தக்கவை அல்ல. வண்டி மாறிவிட்டது; பழைய நினைப்பு மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

மின்சார வண்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மோட்டாரின் ஆற்றல் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்தால், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அது மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. அதற்கு மேற்பட்டவற்றுக்கு உரிமம் வேண்டும்.

இனி உரிமம் பெறும் முறை. முதலில் வயதுக்கும் முகவரிக்கும் சான்று காட்டிப் பழகுநர் உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். 18 நிறையாதவராயின் பெற்றோர் அல்லது காப்பாளரின் எழுத்து மூலமான சம்மதம் தேவை. சாலைக் குறியீடுகள், விபத்து நேர்ந்தால் ஓட்டுநரின் கடமைகள், காவலாள் இல்லாத ரயில்வே கேட்டைக் கடக்கும் முறை, உடன் வைத்திருக்க வேண்டிய பத்திரங்கள் ஆகியவை பற்றிக் கேள்விகள் கேட்பார்கள். தேறினால் ஆறு மாதம் செல்லத்தக்க பழகுநர் உரிமம் கிடைக்கும். வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு நிற 'எல்' எழுத்துப் பொறித்திருக்க வேண்டும். கற்றுக்கொடுப்பவரைத் தவிர வேறு எவரையும் பின்னால் ஏற்றிச் செல்லக் கூடாது.

பழகுநர் உரிமம் பெற்று 30 நாட்கள் கழிந்த பின்னரே ஓட்டும் தேர்வுக்குச் செல்லலாம். இந்த முப்பது நாட்களை வெறும் காத்திருப்பாகக் கழிப்பவர் பலர். உண்மையில் கல்வி நடக்க வேண்டிய காலம் அதுவே. தேர்வில் எட்டுப் போடச் சொல்வது வேடிக்கைக்காக அன்று. காலை ஊன்றாமல், மெதுவாக, இடப்புறமும் வலப்புறமும் வண்டியைத் திருப்பத் தெரிந்தவனுக்கே நெரிசல் மிக்க கடைத்தெருவில் வண்டி அடங்கி நடக்கும். மூன்று முறை தேறாதவர், கடைசித் தேர்விலிருந்து 60 நாட்கள் கழித்தே மறுபடியும் வரலாம். இடைத்தரகரைப் பிடித்துத் தேர்வைத் தவிர்க்க நினைப்பவர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். எதிரே வரும் லாரி தரகரின் சிபாரிசைக் கேட்பதில்லை.

கார் முதலிய இலகுரக வண்டிகளுக்குத் தனி உரிமம் வேண்டும். அதற்கு வயது 18. சட்டத்தில் 7,500 கிலோவுக்கு மேற்படாத வண்டி இலகுரகம் எனப்படும். அவ்வுரிமம் உடையவர், அதே எடை வரம்புக்குட்பட்ட போக்குவரத்து வண்டியையும் தனி அனுமதியின்றி ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. ஆனால் கார் உரிமத்தைக் கொண்டு ஸ்கூட்டர் ஓட்டுவதற்கோ, ஸ்கூட்டர் உரிமத்தைக் கொண்டு கார் ஓட்டுவதற்கோ சட்டத்தில் இடமில்லை.

உரிமமின்றிப் பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் விளைவு என்ன? 2019-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, காப்பாளரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தாம் தக்க முறையில் தடுக்க முயன்றதாகவோ மெய்ப்பிக்கும் பொறுப்பு அவரையே சாரும். மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளை 25 வயது வரை உரிமம் பெற இயலாது. அடிபட்டவருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி நஷ்டஈடு கொடுத்தாலும், அத்தொகையை உரிமையாளரிடமிருந்து திரும்ப வசூலிக்க நீதிமன்றம் அனுமதிப்பதுண்டு. ஒரு நடுத்தரக் குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பு ஒரே மாலையில் கரைந்து போகலாம். அடிபட்டவர் வீட்டில் நேரும் இழப்பையோ எந்தத் தொகையாலும் ஈடு செய்ய முடியாது.

ஆகவே பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டு வண்டியின் பதிவுச் சான்றிதழை இன்றிரவே எடுத்து, அதில் கொள்ளளவு எத்தனை சி.சி. என்று பாருங்கள். அந்த எண் 50-ஐத் தாண்டியிருந்தால், வீட்டுப் பிள்ளைக்கு 18 நிறைந்து உரிமம் கைக்கு வரும் வரையில் சாவி உங்களிடமே இருக்கட்டும்.