கோடை விடுமுறையில் ஒரு மாணவன் கற்றது

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



காரியதரிசி அவர்கள் என்னைப் பேச அழைத்தபொழுது இலக்கியப் பொருள் ஒன்றையே எதிர்பார்த்திருப்பார்கள். தமிழ் கற்பித்துப் பிழைக்கும் யான் சூரிய மின்சாரத்தைத் தொட்டுப் பேசப் புகுவது சிலருக்கு நகை விளைக்கலாம். அன்புகூர்ந்து பொறுத்தருளல் வேண்டும். நம் சங்கத்தின் உபகாரச் சம்பளம் பெற்றுப் படிக்கும் மாணவன் ஒருவனைப் பற்றியே யான் கூற வந்தேன். அவன் போன இடம் மின்சாரமாய் அமைந்துவிட்டது.

அவன் கமுதிப் பக்கத்துச் சிற்றூரினன். தந்தையார் சீமைக்கருவேல் மரம் வெட்டிக் கரிமூட்டம் போட்டுக் குடும்பம் நடத்துபவர். பள்ளியில் என்னிடம் தமிழ் பயின்ற அவன், இப்பொழுது மதுரையில் மின்பொறியியல் பயில்கின்றான். விடுமுறையில் ஒரு தொழில் நிலையத்தில் இருந்து பழகி வருதலும் இந்நாளில் பொறியியற் படிப்பின் ஒரு கூறாகக் கொள்ளப்படுகின்றது. இதனை இன்டர்ன்ஷிப் என்பர். 2025-ஆம் ஆண்டு மே, ஜூன் ஆகிய இரண்டு மாதம் அவன் கோயம்புத்தூரிலுள்ள ஒரு சிறு கம்பெனிக்குச் சென்றான். இளைஞர் சிலர் கூடிப் புதிதாகத் தொடங்கியது அது. ஸ்டார்ட் அப் என வழங்குவர். வீட்டுக் கூரைகளிலும் தறிக்கூடக் கூரைகளிலும் சோலார் பேனல் அமைத்துப் பேணுவது அதன் தொழில். முந்திய ஆண்டாகிய 2024 பெப்ரவரியில் மத்திய அரசினர், வீட்டுக் கூரையில் 3 கிலோவாட் அமைப்போர்க்கு 78,000 ரூபாய் வரை மானியம் தரும் திட்டத்தைத் தொடங்கினர். அதனால் இத்தகைய கம்பெனிகளுக்கு வேலை மிகுந்தது.

போனவனுக்கு முதற் பத்து நாளும் கிடைத்த வேலை யாது? தண்ணீர் சுமத்தலும் தகடு துடைத்தலுமே. பல்லடம் பக்கத்து விசைத்தறிக் கூடங்களின் கூரையில் புழுதியோடு பஞ்சுத்தூசும் படியும். பனி ஈரத்தில் அது தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். விடியற்காலத்திலேயே கழுவி முடித்தல் வேண்டும். என்னை? நண்பகலில் சுடுகின்ற கண்ணாடியின்மேல் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் காணவும் கூடும். உப்பு மிகுந்த ஆழ்குழாய்க் கிணற்று நீரால் கழுவி அப்படியே உலரவிட்டால் வெள்ளைப் படலம் படிந்து, தூசியைக் காட்டிலும் கேடு செய்யும். இவையெல்லாம் அவன் கை நோகக் கற்றவை.

இதனைக் கேள்வியுற்ற தந்தையார் நேரே என் வீட்டிற்கு வந்துவிட்டார். கமுதியில் 2016-இல் அமைந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தை நீங்கள் அறிவீர்கள். அவர் அதனைச் சுட்டி, “வாத்தியார் ஐயா! அங்கே கண்ணுக்கெட்டிய மட்டும் பரப்பி வைத்திருக்கிறார்கள். அதைத் துடைப்பதற்குக்கூட மிஷின் வைத்திருக்கிறார்கள். மிஷின் செய்கிற வேலைக்கா என் பையனைப் படிக்க வைத்தேன்?” என்றார். எனக்கு விடை தோன்றவில்லை. “இன்னும் சில நாள் பொறுங்கள்” என்றுமட்டும் சொல்லி அனுப்பினேன். உண்மையில் என் மனத்திலும் அதே ஐயம் இருந்தது.

பின்னர் நிகழ்ந்ததே யான் சொல்ல வந்தது. துடைக்கும் வேலையோடு, நாள்தோறும் வெயிலின் அளவையும் தகட்டின் வெம்மையையும் அங்கு விளையும் மின்சாரத்தையும் கருவிகளிற் பார்த்து நோட்டில் எழுதும் வேலையும் அவனுக்குத் தந்தனர். வெயில் மிகுந்தால் மின்சாரம் மிகும் என்பது அவன் படித்தறிந்தது. ஆனால் மே மாதத்து அனல் வீசும் நண்பகலில் அவன் எதிர்பார்த்த அளவு வரவில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசத் தொடங்கியபின், அதே அளவு வெயிலுக்கு முன்னையினும் கூடுதலாக மின்சாரம் விளைந்தது. அவன் என்ன செய்தான் தெரியுமா? தான் முன்பு எழுதியது பிழையென்று கருதி, மே மாதத்துக் கணக்குகளை ரப்பரால் அழித்து, இருக்கவேண்டியன என்று தனக்குத் தோன்றிய எண்களை எழுதி வைத்தான்!

மேற்பார்வையாளர் நோட்டைப் பார்த்தார். கருவியிலிருந்து கம்பியூட்டரிற் பதிந்த கணக்கோடு அவன் எண்கள் ஒவ்வவில்லை. “கண்டதை எழுது, நினைத்ததை எழுதாதே” என்று கடிந்துகொண்டு, பிறகு அருகிருத்திக் காரணத்தை விளக்கினாராம். தகட்டிற்கு ஆக்கம் தருவது கதிரவன் ஒளி. வெப்பம் அதற்குப் பகை. தகட்டின் திறன் 25 பாகை வெம்மையில் அளந்து குறிக்கப்படுவது. அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் நூற்றுக்கு 0.3 முதல் 0.4 பங்கு வரை திறன் குறையும். கோடை நண்பகலில் கூரைமேல் உள்ள தகடு 60 பாகையும் கடக்கும். எனவே நூற்றுக்குப் பத்துப் பங்கிற்கு மேலும் குறைதல் இயல்பே. காற்றுத் தகட்டைக் குளிர்விக்க, விளைவு ஏறுகின்றது. அவன் அழித்த எண்களே மெய்யான எண்கள்.

அன்பர்களே! இதனை அவன் என்னிடம் நாணத்தோடு கூறியபொழுது எனக்கே நாணம் உண்டாயிற்று. கண்ணாற் கண்டதை அழித்துவிட்டுப் புத்தகத்திற்கு ஏற்ப எழுதும் பழக்கத்தை அவனுக்கு ஊட்டியவர் யார்? என்போன்ற ஆசிரியர்களே. உரையாசிரியர் கூறியதற்கு மாறாகத் தன் கருத்தை எழுதிய பையனுக்கு யான் மதிப்பெண் குறைத்ததுண்டு. பதினான்கு ஆண்டுப் படிப்பால் நீங்காத குறையை ஒரு கூரையின்மேல் இரண்டு மாதம் நீக்கிற்று.

ஆயினும் அவ்விரண்டு மாதமும் அவன் அங்கே நிலைத்திருந்ததே அரிது. அக்கம்பெனியார் சம்பளம் தரவில்லை. பஸ் செலவு மட்டும் தந்தனர். பயிற்சி என்று பெயரிட்டுக் கூலியின்றி ஆள் கொள்ளும் இவ்வழக்கத்தை யான் ஒப்பேன். கோவையில் நம் சங்கத்திற்கு மாணவர் விடுதி இருக்கின்றது. அதன் பதினெட்டு அறைகளும் கோடையில் பூட்டிக் கிடக்கின்றன. அவன் விண்ணப்பம் அனுப்பினான். விதி இடந்தராது என விடை வந்தது. ஒரு வாரம் கம்பெனியின் சாமான் அறையிற் படுத்தான். பிறகு தந்தையார் வட்டிக்கு வாங்கியனுப்பிய ஆறாயிரம் ரூபாயைக் கொண்டு ஓரிடம் தேடிக்கொண்டான். அக்கடன் இன்னும் தீரவில்லை. கோடையில் விடுதியை மூடும் அவ்விதியை நிர்வாக சபை ஏற்றபொழுது கைதூக்கியவருள் யானும் ஒருவன் என்பதை இவ்வவையில் ஒளித்தல் தகாது. செலவு மிச்சமாகும் என்றே அன்று எண்ணினோம்.

கைப்பொருள் உள்ளார் வீட்டுப் பிள்ளைகள் இத்தகைய பயிற்சிக்கு எளிதிற் போய்வருவர். நம்மிற் பலர் கரிமூட்டத்திலும் கடை வேலையிலும் இருப்பவர்கள். அவர்கள் பிள்ளைகள் கோடையில் தந்தைக்கு உதவப் போய்விடுகின்றனர். கல்லூரிக்கு யாரிடமேனும் ஒரு சான்றிதழ் மட்டும் பெற்றுக் கொடுத்துவிடுகின்றனர். ஆதலின் இன்று மாலை கூடும் நிர்வாக சபையின்முன் இரண்டு திருத்தங்களை எழுதிக் கொடுத்துள்ளேன். விடுதியில் நான்கு அறைகளேனும் ஏப்ரல் முதல் ஜூன் முடியத் திறந்திருத்தல் வேண்டும் என்பது ஒன்று. உபகாரச் சம்பளத்தை விடுமுறைப் பயிற்சிக் காலத்து உணவுக்கும் நீட்டுதல் வேண்டும் என்பது மற்றொன்று. திருப்பூரிலும் கோவையிலும் ஆலை நடத்தும் நம் பெரியோர்கள் கோடைதோறும் ஓரிருவரைச் சம்பளம் தந்து ஏற்றுக்கொள்வார்களாயின் இன்னும் நன்று.

அம்மாணவன் பின்வரிசையில் அமர்ந்திருக்கின்றான். அவன் தந்தையாரும் உடன் வந்திருக்கின்றார். நோட்டை இம்மேசைமேல் வைத்திருக்கின்றேன். ரப்பரால் அழித்த பக்கமும், அதன் எதிர்ப்பக்கத்தில் கம்பியூட்டர்க் கணக்கைப் பார்த்து அவன் திரும்ப எழுதிய எண்களும் அதில் உள்ளன. விரும்புவோர் வந்து பார்த்து அவனையே கேட்கலாம்.