தபாலில் வரும் சோதனைப் பெட்டியும் காப்புறுதி அட்டையும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவிகளின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டு விழா மேடையில் பழைய நினைவுகளைப் பேசுவதே வழக்கம். காலைப் பிரார்த்தனையும் விடுதிச் சாப்பாடும் இல்ல விளையாட்டுப் போட்டியும் எங்களுக்கும் மறந்துபோகவில்லை. ஆனால் இன்று நாங்கள் பேச வந்தது இந்த மண்டபத்தில் முன்னர் பேசப்படாத ஒரு விடயம்: கருப்பைக் கழுத்துப் புற்றுநோய். எங்கள் காலத்தில் சுகாதார பாடத்திலே இனப்பெருக்கத் தொகுதி வந்ததும், "அதை வீட்டிலே வாசித்துக்கொள்ளுங்கோ பிள்ளையள்" என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். வீட்டிலும் நாங்கள் வாசிக்கவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியை இந்த நோய்க்குப் பறிகொடுத்தோம். அமெரிக்காவில் இருபது வருடங்களுக்கு மேல் வாழ்ந்தவள். அவளிடம் நல்ல காப்புறுதி இருந்தது. பப் பரிசோதனைக்கு அவள் ஒரு சதமும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இருந்தும் ஒரு தடவைகூடப் போகவில்லை. "அந்தக் கட்டிலிலே அப்படிப் படுக்க என்னால் ஏலாதடி" என்று கடைசிக் காலத்தில் எங்களிடம் சொன்னாள். அவளை மறித்தது காசில்லை, வெட்கம்.

இந்த நோயைப் பற்றி நாம் முதலில் அறிய வேண்டியது இதுதான். ஏறக்குறைய எல்லாக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்களுக்கும் காரணம் எச்.பி.வி. என்னும் வைரஸ். இதைக் கண்டறிந்த ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வைரஸ் மிகப் பொதுவானது. அநேகருக்குத் தானாகவே மறைந்துவிடும். மறையாமல் தங்கினாலும், அது புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பத்து வருடங்களுக்கு மேல் எடுக்கும். அதற்குள் கண்டுபிடித்தால் தடுத்துவிடலாம். அப்படியிருந்தும் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் மட்டும் உலகில் சுமார் 3,50,000 பெண்கள் இதனால் இறந்தார்கள்.

பப் பரிசோதனை கருப்பைக் கழுத்தின் கலங்களைப் பார்க்கிறது. ஆகவே வைத்தியரோ தாதியோதான் அந்த மாதிரியை எடுக்க வேண்டும். எச்.பி.வி. பரிசோதனை தேடுவது வைரஸை. யோனியிலிருந்து எடுக்கும் மாதிரியிலேயே அது தெரியும். எனவே ஒரு பெண் தன் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, சிறு குச்சி போன்ற கருவியால் மாதிரியைத் தானே எடுத்து ஆய்வுகூடத்துக்குத் தபாலில் அனுப்பலாம்.

அவுஸ்திரேலியாவில் 2022 ஜூலையிலிருந்து 25 முதல் 74 வயது வரையான பெண்கள் தாமே மாதிரி எடுக்கும் முறையைத் தெரிவுசெய்யலாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2024 ஜனவரியிலிருந்து இந்தப் பெட்டியை வீட்டுக்கே தபாலில் அனுப்புகிறது. அங்கெல்லாம் சோதனைச் செலவை அரசு ஏற்கிறது. அமெரிக்காவில் கதை வேறு. அங்கே முதற் கேள்வியே, "காப்புறுதி கொடுக்குமா?" என்பதுதான்.

அங்கே வைத்திய நிலையத்தில் தானே மாதிரி எடுப்பதற்கு 2024 மே மாதத்திலும், வீட்டில் எடுக்கும் முதலாவது கருவிக்கு 2025 மே மாதத்திலும் அனுமதி கிடைத்தது. எங்களில் இன்னொருத்தி துணிந்து அதைச் செய்தாள். முடிவிலே வைரஸ் இருப்பதாக வந்தது. அடுத்த பரிசோதனைக்குப் போனாள். நோய் இல்லை என்று தெரிந்து நிம்மதியாக வீடு திரும்பியவளுக்குப் பின்னாலேயே பெரியதொரு கட்டணச் சிட்டை வந்தது. முதற் சோதனை தடுப்புச் சேவை, அது இலவசம். இரண்டாவது நோயறியும் பரிசோதனை, அதற்குக் காசு கட்ட வேண்டும் என்றது காப்புறுதிக் கம்பனி. பாதி வழியில் விட்டுவிட்டால் அந்தச் சோதனையால் என்ன பயன்?

இந்தக் குறையைத் தீர்க்க ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 2010ஆம் ஆண்டின் சுகாதாரக் காப்புறுதிச் சட்டப்படி, பெண்களுக்கான தடுப்புச் சேவைப் பட்டியலில் உள்ளவற்றுக்குப் பெரும்பாலான தனியார் காப்புறுதிகள் கட்டணம் அறவிடக் கூடாது. 2026 ஜனவரியில் அந்தப் பட்டியல் திருத்தப்பட்டது. 30 முதல் 65 வயது வரையான, சாதாரண ஆபத்து நிலையிலுள்ள பெண்கள் தாமே மாதிரி எடுக்கும் எச்.பி.வி. பரிசோதனையும், சோதனையை முழுமைப்படுத்தத் தேவையான அடுத்த பரிசோதனைகளும் அதில் சேர்க்கப்பட்டன. 2027 ஜனவரி 1 முதல் காப்புறுதிகள் இதைப் பின்பற்ற வேண்டும்.

அமெரிக்காவில் வாழும் சகோதரிகளே, பெட்டிக்கு விண்ணப்பிக்க முன்னர் உங்கள் காப்புறுதிக் கம்பனியிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். வீட்டில் செய்யும் சோதனைப் பெட்டிக்குக் கொடுப்பீர்களா? அதற்கான வைத்திய ஆலோசனைக் கட்டணம் அடங்குமா? எந்த ஆய்வுகூடத்தை ஏற்றுக்கொள்கிறீர்கள்? வைரஸ் இருப்பதாக வந்தால் அடுத்த பரிசோதனைக்கு என்ன ஒழுங்கு? பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். சில பழைய காப்புறுதித் திட்டங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. காப்புறுதியே இல்லாத, வருமானம் குறைந்த பெண்களுக்கு இலவசச் சோதனைத் திட்டம் ஒன்று அங்கே எல்லா மாநிலங்களிலும் உண்டு.

இன்னும் இரண்டு விடயம். வைரஸ் இருக்கிறது என்றால் புற்றுநோய் இருக்கிறது என்று அர்த்தமல்ல. அடுத்த பரிசோதனைக்குக் கட்டாயம் போக வேண்டும் என்பதே அர்த்தம். அடுத்தது, மாதவிடாய் நின்ற பின்போ உறவின் பின்போ இரத்தம் கண்டால் தபால் பெட்டிக்குக் காத்திராமல் நேரே வைத்தியரிடம் போங்கள்.

ஊரிலிருக்கும் சகோதரிகளுக்குக் காப்புறுதி அட்டை தேவையில்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்கில் பப் பரிசோதனை இலவசம். 35 வயதிலும் 45 வயதிலும் தவறாமல் போங்கள். 2017 முதல் பாடசாலைகளில் ஆறாந் தரப் பெண்பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசியும் போடப்படுகிறது. சம்மதப் படிவம் வீட்டுக்கு வந்தால் தயங்காமல் கையொப்பமிடுங்கள்.

நூற்றாண்டுக்கு எங்கள் பங்காக மண்டபத்துக்குக் கதிரைகள் தந்திருக்கிறோம். அதைவிடப் பெரிதாக உங்களிடம் ஒன்று கேட்கிறோம். இந்தக் கிழமைக்குள் உங்கள் வகுப்புத் தோழி ஒருத்திக்குத் தொலைபேசி எடுங்கள். சுகம் விசாரித்த பிறகு, "நீ சோதனை செய்தனியா?" என்று கேளுங்கள். எங்கள் தோழியிடம் நாங்கள் ஒருநாளும் அதைக் கேட்கவில்லை.