உசாவாச் சிறை



பொற்கொல்லன் ஒருவன் சொல்லை மட்டுமே நம்பிப் பாண்டியன் கோவலனைக் கொல்வித்தான். உசாவாமையே அவன் செய்த பெரும்பிழை. எனினும், அவனிடத்தும் ஒரு மாண்பு உண்டு. அயலூர்ப் பெண்ணொருத்தி ஒற்றைச் சிலம்பு ஏந்திக் கண்ணீரோடு வந்து நின்றபோது, அரண்மனை வாயில் அடைபடவில்லை. மன்னன் அவள் வழக்கைக் கேட்டான். சிலம்பு உடைந்து மணிப்பரல் தெறித்த அளவில் தன் தவற்றை ஒப்பி, அரியணையிலேயே உயிர்விட்டான்.

முறை கேட்க வாயில் திறந்திருத்தலே குடிகளின் இறுதிக் காப்பு. அவ் வாயிலை இந்திய உச்ச முறைமன்றமே அடைத்த நாளும் ஒன்றுண்டு.

1975 சூன் 25 இரவில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. 1971-இல் இயற்றப்பெற்ற மிசாச் சட்டத்தின்கீழ் எதிர்க்கட்சியினர் நாடெங்கும் உசாவலின்றிச் சிறைப்பட்டனர். அடிப்படை உரிமைகளுக்காக முறைமன்றம் செல்லும் உரிமையும் சூன் 27-இல் நிறுத்தப்பட்டது. ஆயினும், ஒன்பது உயர் முறைமன்றங்கள் ஆட்கொணர் விண்ணப்பங்களை ஏற்கலாம் என்றன. அரசு மேல்முறையீடு செய்தது. நடுவர் கன்னா, அரசின் தலைமை வழக்குரைஞரை நோக்கி ஒரு வினா எழுப்பினார்: தன் பகை தீர்க்கக் காவலன் ஒருவன் ஒருவரைக் கொன்றாலும் முறையிட வழியில்லையா? நெருக்கடிநிலை நீடிக்குமளவும் இல்லை என்பதே விடை!

1976 ஏப்பிரல் 28-இல் ஐவருள் நால்வர் அரசின் பக்கமே தீர்ப்பளித்தனர். கன்னா ஒருவரே மறுத்தெழுதினார். அதன் விலையாக 1977 சனவரியில் அவருக்குரிய தலைமை நடுவர் பதவி இளையவர்க்குப் போயிற்று. அவர் பதவி துறந்தார்.

தமிழகம் இக்கொடுமைக்குத் தப்பவில்லை. 1976 சனவரி 31-இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. மிசாவில் பிடிபட்டோர் சென்னை நடுவண் சிறையில் அடித்து நொறுக்கப்பட்டனர். சென்னை மேனாள் மேயர் சிட்டிபாபு 1977-இல் உயிர் நீத்தார்.

நாட்டின் காப்புக்கு இத்தகைய சட்டங்கள் வேண்டாவோ எனச் சிலர் வினவுவர். கொலைக்கும் குண்டுவீச்சுக்கும் பொதுச் சட்டத்திலேயே தண்டனை உண்டு. சான்று கையிலிருப்பின் வழக்காடலாமே! சான்றில்லாதவிடத்தன்றோ உசாவாச் சிறை வேண்டப்படுகிறது?

திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக வைகோ 2002 சூலையில் பொடாவில் தளைப்பட்டார். குற்ற நோக்கமற்ற வெறும் ஆதரவுப் பேச்சு அச்சட்டப்படி குற்றமாகாது என உச்ச முறைமன்றம் 2003 திசம்பரில் விளக்கியபோதும் அவர் சிறைக்குள்ளேயே இருந்தார். ஏறத்தாழ 19 திங்கள் கழித்து 2004 பிப்பிரவரியில்தான் பிணையில் வெளிவந்தார். அவ்வாண்டே பொடா நீக்கப்பட்டது. கழிந்த திங்கள்களை யார் மீட்டுத் தருவர்?

1978-இன் 44-ஆம் அரசமைப்புத் திருத்தம், உயிருரிமையை நெருக்கடிநிலையிலும் நிறுத்தலாகாது என்றது. 2017-இல் உச்ச முறைமன்றம் தன் பழைய தீர்ப்பைத் தானே தள்ளியது. இவை ஆறுதலே, முழு விடுதலையல்ல. 1980-இன் நாட்டுக் காப்புச் சட்டம் உசாவலின்றி 12 திங்கள் அடைக்க இடந்தருகிறது. ஊபாச் சட்டத்தில் 2008-இல் சேர்த்த பிரிவோ, காவலர் தாள்களைப் பார்த்த அளவில் குற்றச்சாட்டு மெய்போல் தோன்றினாலே பிணையை மறுக்கச் செய்கிறது.

தில்லியை மட்டும் பழித்துப் பயனில்லை. குண்டர் சட்டமெனப்படும் 1982-இன் தமிழ்நாட்டுச் சட்டமும் அதே 12 திங்களுக்குரியது. அதை எல்லாக் கட்சி ஆட்சிகளும் கையாண்டுள்ளன. ஆள்வோர் தமிழ் பேசுவதனால் கொடுங்கோல் செங்கோலாகிவிடாது!

தமிழன்பர்களே! மாற்றான் தளைப்படுகையில் வாளாவிருப்போர்க்குத் தாம் தளைப்படுகையில் முறையிட நாவிராது. கருத்தில் முரண்பட்டவனாயினும், உசாவாமல் அடைக்கப்பட்டவன் எவனோ அவனுக்காகக் குரலெழுப்புக! சான்று காட்டுக, அன்றேல் விடுதலை செய்க என்று கேட்க! விடுதலை விழையும் இனத்திற்கு அதுவே முதற்கடமை.