கண்ணாடியில் ஒட்டிய ராதாரிச் சீட்டு

(கம்பத்தில் வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது வண்டியில் ஒட்டுகிற ஸ்டிக்கரைப் பற்றி. பி.எச்.டி. படிப்பவருக்குப் பேச வேறு விஷயமே கிடைக்கவில்லையா என்று நீங்கள் நினைக்கலாம். தேனியிலிருந்து வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாகக் குமுளிக்குப் போகிற சாலையோரத்தில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். 'போலீஸ்' என்று எழுதிய பைக் போகும். அதை ஓட்டுகிற பையனுக்கு மீசையே முளைத்திருக்காது. அண்ணனோ மாமனோ காவல்துறையில் இருப்பார். 'பிரஸ்', 'அட்வகேட்', மனித உரிமைக் கழகம் என்று விதவிதமாகப் போகும். அதற்குப் பின்னால் சாதிப் பெயர், சாதித் தலைவர் படம், வாள், சிங்கம், சாதிக் கொடியின் வண்ணம். நடுவில் எங்கோ ஒரு பழைய பைக்கில் நீலத்தில் அண்ணல் அம்பேத்கர்.

நம் ஆட்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. சோதனையில் நிறுத்தும்போது இந்த ஸ்டிக்கர் வேலை செய்கிறதா? செய்கிறது என்றுதான் எல்லோரும் நம்புகிறார்கள். நம்பிக்கை இல்லாவிட்டால் கடையில் காசு கொடுத்து ஒட்ட மாட்டார்கள். என் கேள்வி அதற்கு அடுத்தது. ஸ்டிக்கர் எதை வைத்து வேலை செய்கிறது? ஸ்டிக்கர் இல்லாதவனுக்கு அதே இடத்தில் என்ன நடக்கிறது?

முதலில் வெளியே நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

1969இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், ஹியூசென்ஸ்டாம் என்ற கல்லூரி ஆசிரியர் ஒரு சோதனை செய்தார். கருஞ்சிறுத்தைக் கட்சியின் ஸ்டிக்கர் ஒட்டிய தங்கள் காரைப் போலீஸ் சும்மா சும்மா நிறுத்துகிறது என்று மாணவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உண்மையா என்று பார்க்க 15 மாணவர்களைத் தேர்ந்தெடுத்தார். கறுப்பர் ஐந்து பேர், வெள்ளையர் ஐந்து பேர், மெக்சிக வம்சாவளியினர் ஐந்து பேர். முந்தைய ஓராண்டில் யார் மீதும் போக்குவரத்து வழக்கு இல்லை. கவனமாக ஓட்டுவோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். கார்களில் பழுது இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பின்புற பம்பரில் கருஞ்சிறுத்தை ஸ்டிக்கரை மட்டும் ஒட்டினார்கள். 17 நாட்களில் 33 அபராதச் சீட்டுகள். அபராதம் கட்ட ஒதுக்கிய 500 டாலர் தீர்ந்துபோனதால் சோதனையே நின்றது. ஓட்டியவர் மாறவில்லை, வண்டி மாறவில்லை, சாலை மாறவில்லை. ஒரு துண்டுக் காகிதம்தான் புதிதாக வந்தது.

இரண்டாவது சம்பவம் இதற்கு நேர் எதிரானது. நியூயார்க்கில் காவலர் சங்கம் ஒரு அட்டை அச்சடித்துத் தன் உறுப்பினர்களுக்குக் கொடுக்கிறது. அவர்கள் அதைச் சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் கொடுக்கிறார்கள். வண்டியை நிறுத்தினால் உரிமத்தோடு அந்த அட்டையையும் நீட்டினால் போதும். மேத்யூ பியாங்கி என்ற போக்குவரத்துக் காவலர் அட்டை வைத்திருந்தவர்களுக்கும் அபராதம் போட்டார். அதற்காகத் தன்னை வேறு பணிக்குத் தூக்கியடித்தார்கள் என்று வழக்குத் தொடுத்தார். 2024இல் நியூயார்க் நகரம் 1,75,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. நேர்மையாக அபராதம் போட்டவர் தன் வேலையைக் காக்கக் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

ஆக, ஒரு ஒட்டுத்தாள் நிறுத்தவும் வைக்கும், விடவும் வைக்கும். எது என்பதை அந்தத் தாள் யாரைக் காட்டுகிறது என்பதே முடிவு செய்கிறது.

இப்போது நம் சாலைக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 130ஆவது பிரிவின்படி, சீருடையில் உள்ள காவலர் கேட்டால் ஓட்டுநர் உரிமத்தைக் காட்ட வேண்டும். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று இவற்றையும் கேட்கலாம். 'எந்த ஊரு? எந்தத் தெரு? யாரு மகன்?' என்று கேட்கச் சொல்லி அந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவும் இல்லை. ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் வண்டி ஓட்டுகிற யாரைக் கேட்டாலும், உரிமத்துக்கு முன்னால் வருவது அந்தக் கேள்விதான் என்பார்கள். ஊர் பெயரைச் சொன்னால் பாதி தெரிந்துவிடும். தெருப் பெயரைச் சொன்னால் மீதியும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு 'நீங்க' தொடருமா, 'நீ' ஆகுமா, 'டா' ஆகுமா என்பது முடிவாகிவிடும். ஹெல்மெட் இல்லாததற்கு 2022 அக்டோபரிலிருந்து நம் மாநிலத்தில் 1000 ரூபாய் அபராதம். அதே தப்புக்கு ஒருவர் 'பார்த்துப் போங்க தம்பி'யோடு போய்விடுகிறார். இன்னொருவர் 1000 ரூபாயும் கட்டி, வண்டியை ஓரங்கட்டி, வெயிலில் ஒரு மணி நேரம் நிற்கிறார்.

சாதி ஸ்டிக்கர் செய்வது இவ்வளவுதான்: அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன்பே பதிலைச் சொல்லிவிடுகிறது. போலீஸ் ஸ்டிக்கர், 'நான் உங்க ஆள்' என்கிறது. சாதி ஸ்டிக்கர், 'எனக்குப் பின்னால் ஆள் இருக்கிறது' என்கிறது. இரண்டையும் பார்க்கிற காவலருக்கு, யாரிடமிருந்து போன் வரும் என்ற கணக்கு ஓடும். நம் பையனுடைய பைக்கில் இருக்கிற அம்பேத்கர் படத்தைப் பார்த்தால் எந்தப் போனும் வராது என்றும் தெரியும்.

சரி, ஸ்டிக்கரே வேண்டாம், எல்லாவற்றையும் கிழித்துவிட்டால் சரியாகிவிடுமா என்று கேட்பீர்கள். உரிமத்தை எடுத்துப் பாருங்கள். அதில் முகவரி இருக்கிறது. ஆதிதிராவிடர் தெரு, காலனி, கிழக்குத் தெரு. 'காலனி' என்ற சொல் இழிவின் அடையாளமாக ஆகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் நம் பாக்கெட்டில் இருக்கிற பழைய உரிமங்களில் அந்தச் சொல் இன்னும் அச்சாகித்தான் இருக்கிறது. மற்றவர்கள் காசு கொடுத்து ஒட்டிக்கொள்கிற சாதி ஸ்டிக்கரை நமக்கு அரசாங்கமே இலவசமாக அடித்துக் கொடுத்திருக்கிறது. நானே ஒரு சோதனைச் சாவடியில் உரிமத்தை நீட்டியபோது, பெயரைப் பார்க்காமல் முகவரி வரியில் விரல் வைத்துப் படித்தவரைப் பார்த்திருக்கிறேன்.

அதிகாலையில் மலையேறுகிற ஜீப்புகளை நினைத்துப் பாருங்கள். கூடலூர், கம்பம், தேவாரம், போடியிலிருந்து இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குப் பெண்கள் விடிவதற்குள் கிளம்புகிறார்கள். அதில் பெரும்பகுதி நம் அம்மாக்களும் அக்காக்களும்தான். ஜீப்பில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றுவது ஆபத்து. அதைத் தடுக்கவே வேண்டும். ஆனால் ஜீப்பை நிறுத்திப் பேச்சு நீண்டால் தோட்டத்தில் பேர் போடுகிற நேரம் தவறிவிடும். ஏற்றியவருக்கு அபராதம் என்றால், ஏறியவருக்கு அன்றைய கூலி போய்விடும். சாலையில் நிற்கிற நேரத்தின் விலை எல்லோருக்கும் ஒன்றாக இல்லை.

இந்த இடத்தில் நம் பள்ளத்தாக்கு மறந்துபோன ஒரு வரலாற்றைச் சொல்ல வேண்டும். பிறப்பைப் பார்த்து வழிமறிப்பதை இங்கே அரசு ஒரு காலத்தில் சட்டமாகவே வைத்திருந்தது. குற்றப் பரம்பரைச் சட்டம். மதுரைச் சீமையில் பிரமலைக் கள்ளர்கள் மீது அதைப் போட்டார்கள். குற்றம் செய்தவன், செய்யாதவன் என்ற பேதமில்லாமல் கைரேகை எடுத்தார்கள். மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். ஆண்கள் இரவில் அதிகாரிகளின் கண்காணிப்பில் படுக்க வேண்டும். வெளியூர் போக வேண்டுமானால் கையில் ராதாரிச் சீட்டு இருக்க வேண்டும். சீட்டில்லாமல் வழியில் பிடிபட்டால் குற்றவாளி. இதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3ஆம் தேதி சுட்டுக் கொன்றார்கள். ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அந்தப் பக்கம், உசிலம்பட்டி வட்டாரத்தில் இருக்கிறது அந்த ஊர். 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் போனது. தேனி மாவட்டத்தில் இன்றும் இருக்கிற கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் அந்தக் காலத்தின் மிச்சம்தான்.

இதை நான் யாரையும் குத்திக்காட்டச் சொல்லவில்லை. பிறப்பைப் பார்த்து வழியில் நிறுத்தினால் எப்படி வலிக்கும் என்று இந்த மண்ணில் நம்மைத் தவிர இன்னொரு சமூகத்துக்கும் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன். அன்று அவர்களுடைய தாத்தாக்கள் சீட்டைக் காட்டித்தான் சாலையைக் கடந்தார்கள். இன்று எந்தச் சாதியின் பேரன் பின் கண்ணாடியில் சாதிப் பெருமையை ஒட்டினாலும், அதுவும் ஒரு ராதாரிச் சீட்டுதான். அவனை விடுவதற்குக் காட்டுகிற சீட்டு, அதைக் காட்ட முடியாதவனைப் பிடிப்பதற்கும் பயன்படுகிறது. பெருங்காமநல்லூரின் நினைவை உண்மையாகப் போற்றுகிறவர்கள் 'என்னை விடு' என்று நிற்காமல், 'யாரையும் பிறப்பைப் பார்த்து நிறுத்தாதே' என்று நம்மோடு சேர்ந்து கேட்க வேண்டும்.

வண்டியில் இருக்கிற பெயருக்கு எவ்வளவு பலம் என்று தெரிய 1997ஐ நினைத்தால் போதும். பல்லவன், சேரன், கட்டபொம்மன், மருதுபாண்டியர், ராணி மங்கம்மாள் என்று எத்தனையோ பெயர்களில் அரசுப் பேருந்துகள் ஓடின. விருதுநகரில் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் போக்குவரத்துக் கழகம் வந்தபோதுதான், அந்தப் பெயர் போட்ட பேருந்தில் ஏற மாட்டோம் என்றார்கள். தென் மாவட்டங்கள் பற்றி எரிந்தன. கடைசியில் எல்லா மாவட்டங்களிலிருந்தும் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயரை அரசு எடுத்துவிட்டது. ஒரு தலித் வீரனின் பெயர் பேருந்தில் ஏறியதால், எல்லாப் பெயரும் இறங்க வேண்டியதாயிற்று. பெயர் போனது. பேருந்தில் யார் எங்கே உட்காருவது என்பதில் இருந்த சாதி போகவில்லை.

அதனால்தான் வெறும் தடையை நான் முழுத் தீர்வாக நினைக்கவில்லை. சென்னையில் 2024 மே 2 முதல் 'போலீஸ்', 'பிரஸ்' போன்ற ஸ்டிக்கர்களுக்கு அபராதம் என்றார்கள். நம்பர் பிளேட்டில் எழுதியிருந்தால் முதல் முறை 500, மறுபடி சிக்கினால் 1500. நாங்குநேரிக் கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, சாதிக் கயிற்றோடு, சாதி அடையாளம் பூசிய சைக்கிளில் மாணவர்கள் பள்ளிக்கு வருவதையும் தடுக்க வேண்டும் என்று 2024இல் பரிந்துரைத்தது. பள்ளிச் சைக்கிளில் தொடங்குவதுதான் பிறகு பைக்குக்கும் காருக்கும் வருகிறது என்பதால் அது சரியான பரிந்துரை. உத்தரப் பிரதேசத்தில் அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டி 2025 செப்டம்பரில் வண்டிகளில் சாதிப் பெயர் எழுதத் தடை போட்டார்கள். அதே உத்தரவில் சாதி அடிப்படையிலான பேரணிகளுக்கும் தடை. ஒடுக்குகிறவன் கூட்டமும் ஒடுக்கப்பட்டவன் கூட்டமும் அந்த உத்தரவுக்கு ஒன்றுதான்.

இதில் சிக்கல் எங்கே வருகிறது? ஸ்டிக்கர் தடையை நடைமுறைப்படுத்துவதும் ஒரு வண்டிச் சோதனைதான். நிறுத்துவதும் விடுவதும் அதே கை. வாள் படத்தை விட்டுவிட்டு நீலத்தை மட்டும் கிழித்தால் யார் கணக்குக் கேட்பது? புல்லட் ஓட்டியதற்காகவே சாதி சொல்லித் திட்டிக் கையை வெட்டினார்கள் என்று 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் மாணவர் தரப்பில் புகார் வந்தது. அவர் ஓட்டிய வண்டியே சிலர் கண்ணுக்கு ஸ்டிக்கராகத் தெரிந்திருக்கிறது என்றுதான் அந்தப் புகாரைப் படிக்கும்போது தோன்றியது.

கணக்குக் கேட்பதற்குக் கணக்கு இருக்க வேண்டும். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் சுமார் 9.5 கோடி வாகனச் சோதனைகளின் பதிவுகளை எடுத்து ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள். இருட்டிய பிறகு நிறுத்தப்படுகிறவர்களில் கறுப்பர்களின் பங்கு குறைகிறது. முகம் தெரிகிற வெளிச்சத்தில் கூடுகிறது. இதைக் கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம், ஒவ்வொரு சோதனையையும் யாரோ எழுதி வைத்திருந்ததுதான். இங்கே அபராதம் போட்டால் ரசீது வரும். 'பார்த்துப் போங்க தம்பி' என்று விட்டதற்கு எந்தப் பதிவும் கிடையாது. ஒரு மணி நேரம் நிற்க வைத்து அனுப்பியதற்கும் கிடையாது. சலுகையும் தண்டனையும் எழுதப்படாத இடத்தில்தான் சாதி சவுகரியமாகக் குடியிருக்கிறது.

எனவே நம் கோரிக்கைகள் நான்கு. ஒன்று, நிறுத்துகிற ஒவ்வொரு வண்டிக்கும் காரணம், நேரம், முடிவு எழுதிய சீட்டு கொடுக்க வேண்டும். அபராதம் இல்லாமல் விட்டாலும் கொடுக்க வேண்டும். இரண்டு, காவல் நிலையவாரியாக அந்தப் பதிவுகளைப் பெயர் நீக்கி வெளியிட வேண்டும். மூன்று, ஆவணத்தைத் தாண்டி ஊர், தெரு, சாதி விசாரிப்பதைத் துறைரீதியான குற்றமாக்க வேண்டும். சாதி சொல்லி இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சீருடைக்கும் பொருந்தும் என்பதை ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் எழுதி வைக்க வேண்டும். நான்கு, உரிமத்திலிருந்தும் ஆர்.சி.யிலிருந்தும் இழிவான முகவரிச் சொற்களைக் கட்டணமில்லாமல் நீக்கித் தர வேண்டும்.

அம்பேத்கர் ஸ்டிக்கரை எடுத்துவிடலாமா என்று தம்பிகள் கேட்கிறார்கள். எடுக்க வேண்டாம். நம்பர் பிளேட்டில் ஒட்டாதீர்கள், ஹெல்மெட் போடுங்கள், இன்சூரன்ஸைப் புதுப்பித்து வையுங்கள். அந்தப் படம் யாரிடமும் சலுகை கேட்பதில்லை. எல்லோருக்கும் ஒரே சட்டம் என்று எழுதியவரின் படம் அது. அதே சட்டத்தைச் சாலையில் கேட்டு வாங்குவது நம் வேலை.