முன்னால சாயுங்க மேடம்

போன எபிசோடு முடியும்போது, "அடுத்த வாரம் நான் பனியில விழுந்த கதை"ன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். எத்தனை தடவை விழுந்தீங்கன்னு கேட்டு நிறைய மெசேஜ். முதல் நாள் 17 வரைக்கும் எண்ணினேன். அதுக்கப்புறம் எண்ணுறதை விட்டுட்டேன்.

இடம் குல்மார்க். ஸ்ரீநகரிலிருந்து 50 கிலோமீட்டர் சொச்சம். உயரம் சுமார் 2,650 மீட்டர். நம்ம தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான். அதாவது நீலகிரி எங்கே முடியுதோ, அந்த உயரத்துல குல்மார்க்கோட புல்வெளி ஆரம்பிக்குது. அதுக்கு மேலதான் மலையே.

நாங்கள் நாலு பேர், ஆபீஸ் நண்பர்கள். முதலில் 2024 ஜனவரிக்குத்தான் டிக்கெட் போட்டோம். அந்த ஜனவரியில் குல்மார்க்கில் பனியே இல்லை. காய்ஞ்ச புல் போட்டோ எல்லாம் செய்தியில் வந்ததே, ஞாபகம் இருக்கா? மாசக் கடைசியில்தான் பனி இறங்கியது. பிப்ரவரிக்கு மாத்தினோம். மாத்தின காசுல இன்னொரு தடவை ஊட்டியே போயிருக்கலாம், அது வேற கதை.

முதல் அடி சரிவுல இல்லை, வாடகைக் கடையிலேயே. ஸ்கீ பூட்ஸ் போட்டிருக்கீங்களா? ரெண்டு காலுக்கும் மாவுக்கட்டு போட்ட மாதிரி இருக்கும். கணுக்கால் அசையாது. படி இறங்கணும்னா நண்டு மாதிரி பக்கவாட்டுலதான். கடைக்காரர் என் எடையைக் கேட்டார். பக்கத்துல ஆபீஸ் ஆளுங்க மூணு பேர். நான் 8 கிலோ குறைச்சுச் சொன்னேன்.

அதோட விளைவு என்னன்னா, பூட்ஸையும் பலகையையும் சேர்த்துப் பிடிக்கிற கொக்கிக்குப் பைண்டிங்னு பேர். விழும்போது அது தானா விடுபடணும். இல்லைன்னா நீளமான பலகை காலைத் திருகி முட்டியைக் கெடுத்துடும். எவ்வளவு அழுத்தத்துல விடணும்ங்கிறதை எடை, உயரம், வயசு, திறமை எல்லாம் பார்த்து ஸ்க்ரூவைத் திருகி வைப்பாங்க. நான் சொன்ன பொய்யான எடைக்கு அது ரொம்ப லூசா இருந்தது. லேசா அசைஞ்சாலே பலகை கழண்டுடும். நான் ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம். எங்க கோச் நாலாவது தடவை அதைத் தூக்கிட்டு வந்து, ரொம்ப மரியாதையா ஹிந்தியில் கேட்டார்: "மேடம், வெயிட் சரியாத்தான் சொன்னீங்களா?"

கோச்சுக்கு ஐம்பது வயசு இருக்கும். தங்மார்க் பக்கத்துல கிராமம். என் ஹிந்தி அரைகுறை, அவருடைய இங்கிலீஷும் அப்படித்தான், ஆனா ஒரு வாரம் ஓடிடுச்சு. பனி இல்லாத ஜனவரி பத்திக் கேட்டேன். தினமும் காலையில் வந்து வெறும் புல்லைப் பார்த்துட்டு வீட்டுக்குப் போனாராம். வருஷத்துல சம்பாதிக்கிறதே மூணு மாசம், அதுல ஒண்ணு போச்சு. இதை ஒரு புகாரா அவர் சொல்லலை. சொல்லிக்கிட்டே என் பைண்டிங்கை டைட் பண்ணினார்.

அடுத்தது லிஃப்ட். கம்பியிலிருந்து ஒரு தடி தொங்கும், அடியில ஒரு சின்ன வட்டத் தட்டு. அதைக் காலுக்கு நடுவுல விட்டுக்கிட்டு நிக்கணும், அது இழுத்துக்கிட்டே மேல போகும். உட்காரக் கூடாதுன்னு மூணு தடவை சொன்னார். தட்டைப் பார்த்தா சீட் மாதிரியே இருக்குங்க. உட்கார்ந்தேன். அந்தத் தடி ஸ்பிரிங் மாதிரி நீண்டுக்கிட்டே போய் என்னைத் தரையில் உட்கார வெச்சது. லிஃப்டையே நிறுத்தினாங்க. பின்னால் க்யூவில் நின்ன ஒரு ஆறு வயசுப் பையன் பெருமூச்சு விட்டான்.

இதெல்லாம் சிரிச்சுக்கிட்டே சொல்லலாம். மூணாவது நாள் சிரிப்பு வரலை.

பிரேக் போடுறது எப்படின்னா, பலகைகளோட முன்நுனி ரெண்டையும் கிட்டக் கொண்டுவந்து, பின்பக்கத்தை விரிக்கணும். முக்கோணம். சமதளத்துல எனக்கு நல்லாவே வந்தது. கொஞ்சம் உயரமான சரிவுக்கு மேல நின்னதும் உடம்பு தானா பின்னால சாயுது. சாய்ஞ்சா எடை பலகையோட வால்பக்கம் போயிடும், முன்நுனி லேசாயிடும், முக்கோணம் எதையும் பிடிக்காது. பிரேக் இல்லாத வண்டி. "ஆகே மேடம், ஆகே!"ன்னு கீழே இருந்து கத்துறார். முன்னால. பள்ளத்தைப் பார்த்து. எந்தப் பக்கம் விழுவேன்னு பயப்படுறேனோ அந்தப் பக்கமே.

ஆறு வருஷத்துக்கு முன்னாடி வேளச்சேரியில் மழையில ஸ்கூட்டியிலிருந்து விழுந்தேன். பெரிய அடி இல்லை, தோள்பட்டைதான். ஆனா அதுக்கப்புறம் வண்டியைத் தொடலை. ஆபீஸுல எல்லார்கிட்டயும் பார்க்கிங் கிடைக்கிறதில்லைன்னு சொல்லி வெச்சிருக்கேன். அந்தச் சரிவுல, அதே மாதிரி கை மரத்துப்போச்சு. குளிரால இல்லை. பலகையைக் கழட்டிட்டு நடந்தே இறங்கினேன். நண்பர்கள் யாரும் எதுவும் கேட்கலை, அதுதான் இன்னும் கஷ்டமா இருந்தது.

மறுநாள் கோச் என்னைச் சரிவுக்கே கூட்டிட்டுப் போகலை. சமதளத்துல நிக்க வெச்சு, என் முன்னால் வந்து, ரெண்டு தோளையும் பிடிச்சுக்கிட்டார். "என் மேல சாயுங்க." சாய்ஞ்சேன். பூட்ஸோட நாக்கு முழங்காலுக்குக் கீழே எலும்புல அழுந்துச்சு. "அந்த வலிதான் பிரேக். அது தெரியலைன்னா நீங்க பின்னால இருக்கீங்க." பதினஞ்சு நிமிஷம் அது மட்டும்தான். அப்புறம் ஆரிஃப் கான் பத்திச் சொன்னார். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவுக்குப் போன ஒரே ஆள், இந்தப் பக்கத்துக்காரர். நாலு வயசுல ஆரம்பிச்சவராம். "உங்களுக்கு லேட்டாயிடுச்சு மேடம், ஒலிம்பிக் கஷ்டம்"னார்.

அஞ்சாவது நாள் அதே சரிவு. எலும்புல வலி இருக்கான்னு மட்டும் பார்த்துக்கிட்டே இறங்கினேன். பாதி வழியில ஒரு பள்ளம், உடம்பு பின்னால போகப் பார்த்தது, ஹிந்தியில எனக்கு நானே "ஆகே"ன்னு கத்திக்கிட்டேன். கீழே அவருக்கு ரெண்டு அடி முன்னாடி நின்னேன். விழலை, நின்னேன். அவர் என் பூட்ஸை ஒரு தடவை பார்த்துட்டு, லிஃப்ட் இருக்கிற பக்கம் கையைக் காட்டினார். மறுபடியும் போகணுமாம்.

போனேன். இந்தத் தடவை தட்டுல உட்காரலை.