பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாம வாங்கலாமா?

(போடிநாயக்கனூரில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் பேசியது)

மலைக்குப் போற ஜீப்பையும் ஒரு நாள் கூலியையும் விட்டுட்டு வந்திருக்கீங்க. அதனால நேரா விஷயத்துக்கு வர்றோம்.

போன மாதம் ஒரு குழுவில் தவணை கட்டுகிற நாள். ஒரு சகோதரி, பெயர் வேண்டாம், "காசு பேங்க்லதான் கிடக்கு" என்றார். ஊக்குநர் போனில் பார்த்தால் இருப்பு 112 ரூபாய். 29, 79, 159 என்று சின்னச் சின்னதாக 40 தடவைக்கு மேல் போயிருக்கிறது. ஒன்பதாவது படிக்கிற மகன் போனில் துப்பாக்கி விளையாட்டு ஆடியிருக்கிறான். ரகசிய எண்ணை, கரண்ட் பில் கட்டுவதற்காக அம்மாவே சொல்லிக் கொடுத்ததுதான். நம்மில் எத்தனை பேர் அப்படிக் கொடுத்திருக்கிறோம்? கை தூக்க வேண்டாம்.

பையனோடு உட்கார்ந்து பேசினோம். விளையாட்டு இலவசம். ஆனால் உள்ளே ஒரு பரிசுப் பெட்டி இருக்கிறது. காசு கட்டினால்தான் திறக்கும். நல்ல துப்பாக்கி வரலாம், பளபள சட்டை வரலாம், பெரும்பாலும் ஒன்றுக்கும் ஆகாதது வரும். "அடுத்த பெட்டியில வந்துரும்க்கா" என்றான். இதைத்தான் 'லூட் பாக்ஸ்' என்கிறார்கள்.

நம்ம போடி ஏலத்துல சாம்பிள் பார்க்காம யாராவது ஏலக்காய்க்கு விலை கேட்பாங்களா? 8 மில்லியா, 7 மில்லியான்னு பார்த்துத்தானே கேட்கிறாங்க? நம்ம பிள்ளைகள் மூடின மூட்டைக்குக் காசு கட்டுறாங்க. லாட்டரியும் இதே கதைதான். தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரியைத் தடை செய்தார்கள். போடிமெட்டு தாண்டினால் இன்றும் கேரள அரசு லாட்டரி விற்கிறது. ஆனால் லாட்டரிச் சீட்டை யாரும் ஒன்பதாவது படிக்கிற பிள்ளைக்கு விளையாட்டு என்று சொல்லி விற்பதில்லை.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆன்லைன் ரம்மியால் உயிர்கள் போன பிறகு, 2022-இல் நீதிபதி சந்துரு தலைமையில் தமிழக அரசு குழு அமைத்தது. அதன்பின் வந்த தடைச் சட்டத்துக்கு 2023 ஏப்ரலில்தான் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் போட்டது. நடத்துகிறவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுகிறவர்களுக்குத் தண்டனை இல்லை.

இந்தப் பெட்டியை மட்டும் அந்தச் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஜெயித்தால் கையில் காசு வராது, படத்தில் ஒரு சட்டைதான் வரும், இது எப்படிச் சூதாட்டம் என்று வாதாட இடம் இருக்கிறது. பெல்ஜியத்தில் 2018-லேயே, காசுக்கு விற்கிற பெட்டி சூதாட்டம்தான் என்று சொல்லிவிட்டார்கள். தென் கொரியாவில் 2024 முதல், எந்தப் பொருள் வர எத்தனை சதவீத வாய்ப்பு என்பதை வெளியிட்டே ஆக வேண்டும். பிரேசில் 2025-இல், சிறுவர் விளையாட்டில் இது கூடாது என்று சட்டம் போட்டது. நமக்கும் அப்படி ஒரு வரி வேண்டும்.

1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது ஆகாதவர் செய்கிற ஒப்பந்தம் செல்லாது. ஆனால் போனும் கணக்கும் அம்மா பேரில் இருக்கு. அம்மாதான் வாங்கினாங்க என்று சொல்லிவிடலாம் பாருங்க!

அந்தச் சகோதரியின் தவணையைப் பற்றிக் குழுவில் சண்டையே வந்தது. "பிள்ளையை வளர்க்கத் தெரியலை, அபராதம் போடு" என்றார் ஒருவர். அவர் வீட்டுப் போனையும் அங்கேயே பார்த்தோம், அதிலும் 79 இருந்தது. பிறகு இரண்டு தவணையாகக் கட்டலாம், அபராதம் இல்லை என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள்.

கூட்டம் முடிந்ததும் போன் கொண்டு வந்தவர்கள் இருங்கள். ரகசிய எண்ணை மாற்றுவதையும், ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கிற மாதிரி வைப்பதையும் காட்டித் தருகிறோம். புது எண்ணை எங்களிடமும் சொல்ல வேண்டாம். மனு எழுதி வைத்திருக்கிறோம். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். திங்கட்கிழமை தேனி ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு ஐந்து பேர் போகிறோம். வர முடிகிறவர்கள் பெயர் கொடுங்கள்.